தண்ணீர் புகுந்த வீடு: வாடகை விளம்பரத்தில் அதை எழுதலாமா?

கீழ்வீட்டுக்காரி

எல்லோருக்கும் வணக்கம். ஒரு விஷயத்தில் மூன்று வாரமாக முடிவெடுக்க முடியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மடிப்பாக்கத்தில் எங்களுக்குத் தனி வீடு. மாடியில் நானும் அம்மாவும் இருக்கிறோம், கீழ்வீடு வாடகைக்கு. ஆறு வருடம் கீழே இருந்தவர்கள் பையனுக்கு ஓசூரில் வேலை கிடைத்ததால் சித்திரையில் காலி செய்துவிட்டுப் போனார்கள். தங்கமான மனிதர்கள், அப்பா தவறியபோது ஓடி ஓடி எல்லாம் செய்தவர்கள் அவர்கள்தான். வீட்டுக்கு ஆள் பார்க்கும் வேலையை அதுவரை அப்பாதான் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டில் டூலெட் போர்டு மாட்டுவார், பத்து நாளில் யாராவது வந்துவிடுவார்கள். நான் இப்போதுதான் முதல்முறையாக இணையத்தில் விளம்பரம் போட்டேன். போட்டது இதுதான்:

“மடிப்பாக்கத்தில் அழகான, விசாலமான 2 பிஎச்கே தனி வீடு, 800 சதுர அடி. நல்ல காற்றோட்டம், வெளிச்சம். 24 மணி நேரமும் தண்ணீர். பள்ளி, கோயில், மெட்ரோ மிக அருகில். குடும்பத்தினருக்கு மட்டும். வாடகை நேரில் பேசிக்கொள்ளலாம்.”

எழுபது போனாவது வந்திருக்கும். ஆபீசில் மீட்டிங் நடக்கும்போது, கடையில் நிற்கும்போது, இரவு பத்து மணிக்கு என்று நேரம் காலம் இல்லாமல் வருகிறது. எல்லோரும் கேட்பது அதே நாலு கேள்விதான்: வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, கார் நிற்குமா, மழைக்குத் தண்ணீர் வருமா. முதல் மூன்றுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நாலாவது வரும்போது நாக்கு குழறுகிறது.

உண்மை என்னவென்றால் தண்ணீர் வந்திருக்கிறது. 2015 டிசம்பரில் முழங்காலுக்கு மேல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது ஹாலில் எட்டு அங்குலம், இரண்டு நாள் நின்றது. அப்பா வீடு கட்டியபோது தெருவைவிட ஒன்றரை அடி உயர்த்தித்தான் கட்டினார். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே திரும்பத் திரும்பப் போட்டதில் இப்போது ரோடும் எங்கள் வாசற்படியும் ஏறக்குறைய ஒரே மட்டம். 2023-க்கு அப்புறம் கையில் இருந்த பணத்தைப் போட்டுச் சில வேலைகள் செய்தோம். அதற்குப் பிறகு வந்த மழைகளில் போர்டிகோ வரை தண்ணீர் வந்தது, வீட்டுக்குள் வரவில்லை. ஆனால் இனிமேல் வரவே வராது என்று என்னால் சொல்ல முடியாது.

எங்கள் பக்கத்துப் புரோக்கர், “அதையெல்லாம் எழுதவே எழுதாதீங்க மேடம். கேட்டா மட்டும், அந்த வெள்ளத்துல ஊருக்கே வந்துச்சுன்னு சொல்லிடுங்க” என்கிறார். அம்மா, “மறைச்சு வச்சுட்டு அடுத்த மழையில அவங்க மூஞ்சியில எப்படி முழிப்பே?” என்கிறார். வாடகை 17,000 எதிர்பார்க்கிறோம். அந்தப் பணம் எங்களுக்கு அவசியம், வீட்டுக் கடன் இன்னும் நாலு வருடம் இருக்கிறது. ஆடி பிறந்துவிட்டால் பால் காய்ச்ச யாரும் வர மாட்டார்கள், ஆவணி வரை வீடு பூட்டித்தான் கிடக்கும்.

தண்ணீர் வந்ததை விளம்பரத்திலேயே எழுதலாமா? எழுதினால் எப்படி எழுதுவது? விளம்பரத்தில் வேறு என்ன தப்பு இருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள்.

---

வேளச்சேரி வாடகைதாரர்

எழுதுங்கள் மேடம். தயவுசெய்து எழுதுங்கள். மறுபக்கத்தில் இருந்தவன் நான், அதனால் சொல்கிறேன்.

2023 ஆவணியில் வேளச்சேரியில் ஒரு தரைத்தள வீட்டுக்குக் குடிபோனோம். வீடு பார்க்கப் போன அன்றே கேட்டேன். “சார், இந்தத் தெருவுக்குத் தண்ணி வராது, அடுத்த தெருவோட நின்னுடும்” என்று வீட்டுக்காரர் சொன்னார். புதுப் பெயின்ட், பளிச்சென்று இருந்தது. ஐப்பசி மழை தொடங்கியதும் பீரோவுக்குப் பின்னால் சுவர் கொஞ்சம் உப்பியிருந்தது. கட்டை விரலால் அழுத்தினேன். பெயின்ட் அப்பளம் மாதிரி நொறுங்கி, உள்ளே இருந்து வெள்ளை வெள்ளையாக உப்பு கொட்டியது. சுரண்டிப் பார்த்தால் அதற்குப் பின்னால் பழைய சுண்ணாம்பில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு, என் முழங்கால் உயரத்தில், ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக ஓடியது. ஹால் வரைக்கும் போயிருந்தது. அன்று ராத்திரி என் மனைவியும் நானும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

ஒரு மாதம்தான். டிசம்பர் 4 காலையில் ஃபிரிட்ஜ் மிதந்தது. தரையில் வைத்திருந்த இன்வெர்ட்டர் பேட்டரி, வாஷிங் மெஷின், கட்டிலுக்கு அடியில் பெட்டியில் இருந்த மனைவியின் கல்லூரிச் சான்றிதழ்கள் எல்லாம் போயின. பைக் எஞ்சினுக்குள் தண்ணீர் போய் அதற்கு ஒன்பதாயிரம். வீட்டுக்காரர் போனில், “இயற்கை சார், நாம என்ன பண்ண முடியும்” என்றார்.

எனக்கு இன்றைக்கும் ஆறாதது ஒன்றுதான். அவர் உண்மையைச் சொல்லியிருந்தாலும் அந்த வீட்டுக்கு நான் போயிருப்பேன். என் ஆபீசுக்கு அது பக்கம், வாடகையும் கட்டுப்படியானது. ஆனால் சான்றிதழ்களைப் பரணில் வைத்திருப்பேன். பேட்டரிக்கு ஒரு ஸ்டாண்டு அடித்திருப்பேன். புயல் எச்சரிக்கை வந்த அன்றே பைக்கைப் பாலத்தின் மேல் கொண்டுபோய் விட்டிருப்பேன், அன்று எத்தனையோ பேர் அப்படித்தான் காரை எல்லாம் வேளச்சேரி மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தினார்கள். சொல்லாததால் என்னால் எதையும் காப்பாற்ற முடியவில்லை.

எழுதும்போது “லேசாகத் தண்ணீர் வரும்” என்று எழுதாதீர்கள். எந்த வருடம், எத்தனை அங்குலம், எத்தனை நாள் நின்றது, கரண்ட் எப்போது வந்தது. கரண்ட்டைத் தவிர மற்றதெல்லாம் உங்கள் பதிவிலேயே இருக்கிறது, அதை அப்படியே எடுத்துப் போட்டால் போதும். அப்புறம், 2023-க்குப் பிறகு என்ன வேலை செய்தீர்கள் என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்களே? வாடகைக்கு வருகிறவன் முதலில் அதைத்தான் தேடுவான்.

---

நாலு போர்ஷன்

நங்கநல்லூரில் நாலு போர்ஷன் வைத்து இருபத்தைந்து வருடமாக வாடகைக்கு விடுகிறேன். என் மகள் மாதிரி நினைத்துச் சொல்கிறேன் அம்மா, உன் விளம்பரத்தில் வீடே இல்லை. அழகான, விசாலமான, நல்ல என்ற சொற்களை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது பார். இதே வாசகத்தை ஆவடியில் இருக்கிற வீட்டுக்கும் போடலாம், திருவான்மியூரில் இருக்கிற வீட்டுக்கும் போடலாம். அதனால்தான் எழுபது பேர் போன் செய்து விசாரிக்க வேண்டி வந்தது.

முதலில் வாடகையை எண்ணில் போடு. “நேரில் பேசலாம்” என்றால் பதினைந்தாயிரத்துக்கு மேல் கொடுக்க முடியாதவரும் கூப்பிடுவார், முப்பதாயிரத்துக்குப் பார்க்கிறவரும் கூப்பிடுவார். அட்வான்ஸ் எத்தனை மாதம், பராமரிப்பு தனியா, காலி செய்யும்போது பெயின்ட்டிங்குக்குப் பிடிப்பாயா, எல்லாம் அதிலேயே வரட்டும். கையெழுத்துப் போடும் அன்று புதிதாக ஒன்றைச் சொன்னால் அந்தக் குடித்தனக்காரருக்கு உன்மேல் இருக்கும் நம்பிக்கை அன்றோடு போச்சு.

800 சதுர அடி என்கிறாய், டேப் வைத்து அளந்தாயா? எங்கள் வீட்டையும் என் கணவர் அப்படித்தான் 750 என்று சொல்லிக்கொண்டிருந்தார். சுவர், போர்டிகோ, மாடிப்படி எல்லாவற்றையும் சேர்த்த கணக்கு அது. கட்டில் சுவருக்கு உள்ளே அல்லவா போட வேண்டும்? ஒவ்வொரு அறையையும் உள்ளளவு எடுத்து, 10க்கு 12 என்று அறை அறையாக எழுது. ஃபிரிட்ஜ் வைக்கிற இடத்தின் அகலம், வாஷிங் மெஷினுக்குக் குழாய் எங்கே இருக்கிறது, ஏசிக்கு எந்த ரூமில் பாயின்ட் இருக்கிறது, பாத்ரூம் இந்தியனா வெஸ்டர்னா, இதையெல்லாம் எழுத ஐந்து நிமிடம்தான் ஆகும். பெரியவர்கள் இருக்கிற வீட்டில் கடைசியாகச் சொன்னதை வைத்தே முடிவெடுப்பார்கள். இரண்டு வருடம் முன்னால் ஒரு தம்பதி எல்லாம் பிடித்து அட்வான்ஸ் கொடுக்கும் நேரத்தில் மாமியாரைக் கூட்டிவந்தார்கள். அந்த அம்மாவுக்கு முட்டி மடங்காது, என் வீட்டில் இரண்டும் இந்தியன். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாகிவிட்டது.

“24 மணி நேரமும் தண்ணீர்” என்பதை முதலில் எடு. அது எந்தத் தண்ணீர்? மெட்ரோ வாட்டர் வருகிறதா, தினமுமா ஒருநாள் விட்டு ஒருநாளா, சம்ப் எத்தனை லிட்டர், போர் தண்ணீர் உப்பா, துணி மஞ்சள் அடிக்குமா, கோடையில் லாரி வாங்கினால் அந்தக் காசை எப்படிப் பிரிப்பாய்? 2019 கோடையைப் பார்த்த எந்தச் சென்னைக்காரரும் வெறும் “24 மணி நேரம்” என்பதை நம்ப மாட்டார். நான் ஒரு பக்கெட்டில் போர் தண்ணீர் பிடித்து வைத்து வருகிறவர்களை வாயில் ஊற்றிப் பார்க்கச் சொல்வேன். உப்பு என்று தெரிந்தே வருகிறவர் அப்புறம் அதைப் பற்றி ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

ஈபி மீட்டர் தனியா? இதை எழுத மறக்காதே. தனி மீட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில்லில் அரசு தரும் இலவச யூனிட் குடித்தனக்காரருக்கே கிடைக்கும். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினால் அந்தச் சலுகை அவர்களுக்குப் போகாது. எது என்று முன்கூட்டியே தெரிய வேண்டியது அவர்கள் உரிமை.

அப்புறம் மெட்ரோ அருகில் என்று போட்டிருக்கிறாயே, எந்த மெட்ரோ? மாதவரம் சோழிங்கநல்லூர் தடத்தைத்தானே உங்கள் பக்கம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்? இன்றைக்கு மெட்ரோ ரயில் ஏற வேண்டுமானால் பரங்கிமலைக்கோ ஆலந்தூருக்கோ போயாக வேண்டும். கட்டுகிற வேலையால் மேடவாக்கம் சாலையில் நெரிசல் என்பதுதான் இப்போதைக்கு உண்மை. அதைச் சொல், பஸ் ஸ்டாப்புக்கு நடந்து எத்தனை நிமிடம் என்று சொல். நடந்தே பார்த்துவிட்டுச் சொல்.

போட்டோ காலை பத்து மணிக்கு எடு, லைட் எல்லாம் போடாமல், ஜன்னலைத் திறந்து வைத்து, போனைப் படுக்கவைத்துப் பிடித்து, அறையின் மூலையில் நின்று. போனில் 0.5 என்று ஒன்று இருக்கும், அதைத் தொடாதே. பத்தடி ரூம் பதினைந்தடி மாதிரி தெரியும், நேரில் வருகிறவர்கள் வாசலிலேயே சுருங்கிப் போவார்கள். சம்ப், மோட்டார் ஸ்விட்ச், மீட்டர் பெட்டி, பைக் நிறுத்தும் இடம், வாசலிலிருந்து தெரு, இவையும் வேண்டும். சமையலறை மேடையில் விரிசல் இருந்தால் அதுவும் போட்டோவில் இருக்கட்டும்.

---

தரகர்

நானும் தென்சென்னையில் இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறவன். மேலே சொன்னதில் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறேன், ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன்.

விளம்பரத்தின் முதல் வரியிலேயே “வெள்ளம் வந்த வீடு” என்று போட்டால் மேற்கொண்டு ஒருவரும் படிக்க மாட்டார்கள். போனில் விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர்கள் பார்ப்பது முதல் படம், வாடகை, ஏரியா, எத்தனை பெட்ரூம். அந்த இடத்தில் அந்த நாலு விவரம்தான் இருக்க வேண்டும். தண்ணீர் விஷயம் அதற்குக் கீழே, ஆனால் தனிப் பத்தியாக, தேடாமல் கண்ணில் படுகிற மாதிரி. வருடமும் அங்குலமும் சொல்லி, அதே மூச்சில் என்ன சரிசெய்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.

உங்களுக்கு மறைக்கச் சொன்னவரை நான் குறை சொல்ல மாட்டேன், நானும் முன்பு அப்படிச் சொன்னவன்தான். 2016-ல் ஒரு வீட்டை அப்படி முடித்துக் கொடுத்தேன். பக்கத்து வீட்டு அம்மா பேச்சுவாக்கில் சொல்லி விஷயம் தெரிந்ததும், கைக்குழந்தையோடு இருந்த அந்தப் பெண் மூன்றாம் மாதமே காலி செய்தது. சாமான் ஏற்றும்போது நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன், அந்தப் பெண் என்னைத் திட்டக்கூட இல்லை. வாங்கிய ஒரு மாத புரோக்கரேஜை அடுத்த நாளே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிலிருந்து தரைத்தள வீடு என்றால் வீட்டுக்காரரிடம் நானே முதலில் அதைக் கேட்டுக்கொண்டுதான் படம் எடுக்கிறேன். தொழிலுக்கும் இதில் நஷ்டமில்லை. உண்மை தெரியாமல் பத்துப் பேரைக் கூட்டிவந்து காட்டுவதில் பெட்ரோலும் நாளும்தான் போகும்.

வாடகை விஷயத்தில் ஒன்று. 17,000 என்பதை எதை வைத்துச் சொல்கிறீர்கள்? பக்கத்தில் மாடி வீடுகள் போகிற விலையாக இருந்தால் உங்கள் வீட்டுக்கு அது பொருந்தாது. உங்கள் தெருவிலேயே தரைத்தளம் என்ன போகிறது என்று இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள். ஆயிரம் குறைத்து 16,000 என்றால் வருடத்துக்கு 12,000 குறையும், வாஸ்தவம்தான். ஆடி முழுக்கப் பூட்டிக் கிடந்தால் ஒரே மாதத்தில் 17,000 போய்விடுமே. அப்புறம், வீடு முடிந்த அன்றே விளம்பரத்தை எடுத்துவிடுங்கள். முடிந்த வீட்டை ஆறு மாதம் போட்டுவைத்து, கூப்பிடுகிறவரிடம் “அது போயிடுச்சு, வேற இருக்கு” என்பது எங்கள் தொழிலில் இருக்கிற ஒரு கெட்ட பழக்கம்.

---

ரெண்டு தோழிகள்

வெள்ளத்தைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை, “குடும்பத்தினருக்கு மட்டும்” என்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நானும் என் தோழியும் தரமணியில் வேலை பார்க்கிறோம். போன வருடம் வீடு தேடினோம். “குடும்பத்தினருக்கு மட்டும்” என்று தெளிவாக எழுதியிருந்தால் வருத்தமாக இருக்கும், ஆனால் நாங்கள் தொல்லை செய்யாமல் அடுத்ததைப் பார்ப்போம். எதுவும் எழுதாமல் விட்டு, ஞாயிற்றுக்கிழமை வெயிலில் பஸ் பிடித்து வரச்சொல்லி, வீட்டையெல்லாம் காட்டிவிட்டு, கடைசியில் வாசலில் வைத்து “நீங்க என்ன ஆளுங்க, அசைவம் சமைப்பீங்களா, அப்பா அம்மா கூட வந்து இருப்பாங்களா” என்று கேட்டவர்கள் ஆறு பேர். ஒரு இடத்தில் என் தோழியின் பெயரைக் கேட்டதும், திறக்கப்போன பூட்டைத் திறக்காமலேயே “சாவி மாறிப்போச்சும்மா” என்றார் ஒரு பெரியவர். அவள் பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே வந்தாள்.

அக்கா, யாருக்கு வீடு விடுவது என்பது உங்கள் முடிவு. ஆனால் “குடும்பம்” என்று எழுதியபோது மனதில் என்ன நினைத்தீர்கள் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். இரவில் சத்தம் கூடாது என்பதா? வாடகை நாள் தவறக்கூடாது என்பதா? அம்மா பகலில் தனியாக இருப்பார், கீழே யாராவது இருந்தால் நல்லது என்பதா? எதுவோ அதையே எழுதுங்கள். அதற்கு நாங்களும் பொருந்துவோமா இல்லையா என்பது எங்களுக்கே தெரிந்துவிடும். சாதியையும் மதத்தையும் மனதில் வைத்துக்கொண்டு “குடும்பம்” என்று எழுதுகிறவர்கள் நிறைய பேர். நீங்கள் அப்படி எழுதியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

---

கணக்குப்பிள்ளை

சட்டத்தையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் மேடம், விளம்பரத்தில் எழுதும் அட்வான்சுக்கு அது உதவும். தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2017-ல் வந்து, 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், அதற்கு அரசின் இணையதளமே இருக்கிறது. பதினொரு மாதம் எழுதினால் பதிவு வேண்டாம் என்ற பழைய பேச்சு இந்தச் சட்டத்துக்குப் பொருந்தாது. இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் ஒழிய, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். வீட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டுமென்றால் 24 மணி நேரம் முன்பே தெரிவிக்க வேண்டும். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்டே பழகிவிட்டார்கள், அதனால் “மூன்று மாதம், பதிவு செய்த ஒப்பந்தம்” என்று விளம்பரத்தில் எழுதினால் அதைப் பார்த்தே நிதானமான ஆட்கள் வருவார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ராணுவத்தில் இருக்கிறேன், வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வருகிறேன், வீட்டைப் பார்க்கவே வேண்டாம், அட்வான்ஸ் இப்போதே அனுப்புகிறேன் என்று ஒரு போன் வரும். அப்புறம் ஒரு க்யூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் செய்து பின் நம்பர் போடச் சொல்வார்கள். நமக்குப் பணம் வருவதற்கு நாம் பின் போட வேண்டிய தேவையே இல்லை. பின் கேட்டால் போவது உங்கள் பணம். அம்மாவிடமும் சொல்லி வையுங்கள். போட்டோவில் கதவு எண், கேட்டில் அப்பா பெயர்ப்பலகை இதெல்லாம் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பகலில் அம்மா தனியாக இருப்பார் என்பதை விளம்பரத்தில் எழுதவே வேண்டாம், வந்து பார்க்கிறவர்களிடம் பேசும்போது சொன்னால் போதும்.

---

கீழ்வீட்டுக்காரி

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் இதையே திரும்பத் திரும்பப் படித்தேன். சனிக்கிழமை அம்மா டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க வீட்டை அளந்தோம். உள்ளே மொத்தம் 560 சதுர அடிதான் வருகிறது. அம்மா நம்பாமல் ஹாலை இன்னொரு தடவை அளக்கச் சொன்னார்.

தங்கை, உங்களுக்கு நேராகப் பதில் சொல்கிறேன். “குடும்பம்” என்று எழுதியது யோசித்து எழுதியதல்ல, எல்லோரும் எழுதுவதைப் பார்த்து எழுதினேன். எங்களுக்கு வேண்டியது வாசல் கேட்டை இரவு பூட்டிவிட வேண்டும் என்பதும் சத்தம் கூடாது என்பதும்தான். மாற்றிவிட்டேன். வேளச்சேரி சார், உங்கள் பதிவை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கீழ்வீட்டுக்கு அடிக்கச் சொல்லியிருந்த பெயின்டரை அன்றே கூப்பிட்டு, போர்டிகோ தூணை மட்டும் விட்டுவிடச் சொல்லிவிட்டார். அந்தத் தூணில் 2023 கோடு இன்னும் தெரிகிறது.

இப்போது போட்டிருக்கும் விளம்பரம்:

“மடிப்பாக்கம், தரைத்தளம், 2 பெட்ரூம். வாடகை 16,000, அட்வான்ஸ் மூன்று மாதம், பராமரிப்புக் கட்டணம் இல்லை. ஒப்பந்தம் பதிவு செய்யப்படும். பெயின்ட்டிங்குக்குப் பிடித்தம் கிடையாது.

உள்ளளவு 560 சதுர அடி. ஹால் 11க்கு 17, பெட்ரூம்கள் 10க்கு 12, 10க்கு 10, சமையலறை 8க்கு 9. ஒரு பாத்ரூம் வெஸ்டர்ன், ஒன்று இந்தியன். பெரிய பெட்ரூமில் ஏசி பாயின்ட். சின்ன பெட்ரூமில் பகலிலும் லைட் போட வேண்டியிருக்கும், பக்கத்து வீட்டுச் சுவர் மறைக்கிறது. இரண்டு பைக் உள்ளே நிற்கும். கார் நிற்காது. ஈபி மீட்டர் தனி.

மெட்ரோ வாட்டர் சம்ப்பில் விழும், போர் தண்ணீர் உப்பு, குளிக்கவும் துவைக்கவும் ஆகும். குடிக்கக் கேன் வாங்குகிறோம். கோடையில் லாரி வாங்கினால் செலவு பாதிப் பாதி. செப்டிக் டேங்க்தான், நிரம்பினால் எடுப்பது எங்கள் செலவு.

மழை: 2015 டிசம்பரில் முழங்காலுக்கு மேலும், 2023 டிசம்பரில் 8 அங்குலமும் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. 2023-ல் இரண்டு நாள் நின்றது, நாலு நாள் கரண்ட் இல்லை. அதற்குப் பிறகு மீட்டர் பெட்டி, எல்லா ஸ்விட்ச் போர்டுகளையும் நாலரை அடிக்கு மேல் ஏற்றியிருக்கிறோம். முதலில் தண்ணீர் ஏறியது பாத்ரூம் ஓட்டை வழியாக, அந்தக் குழாயில் தண்ணீர் திரும்பாத வால்வு போட்டாயிற்று. முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் இரண்டடி உயரத்துக்குக் கழற்றி மாட்டுகிற தடுப்பு இருக்கிறது. இரண்டு பெட்ரூமிலும் சமையலறையிலும் பரண் உண்டு. அதற்கப்புறம் வீட்டுக்குள் வரவில்லை, இனி வராது என்று உறுதி சொல்ல முடியாது. பெரிய மழை என்றால் பைக்கை மேட்டில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். சாமான்களை மாடியில் எங்கள் ஹாலில் வைத்துக்கொள்ளலாம்.

பஸ் ஸ்டாப் நடந்து 9 நிமிடம். பரங்கிமலை ஸ்டேஷன் பைக்கில் 15 நிமிடம், காலை நேரத்தில் அரை மணி ஆகலாம். இரவு 11 மணிக்கு கேட் பூட்டுவோம், சாவி ஒன்று உங்களிடம். மாலை 6 முதல் 8 வரை கூப்பிடவும்.”

---

தரகர்

இருபது வருடத்தில் வீட்டுக்காரர் ஒருவர் சின்ன பெட்ரூமில் இருட்டு என்று எழுதி நான் பார்த்ததில்லை. அந்த மழைப் பத்தியை நீங்கள் அனுமதித்தால் நான் மற்ற வீட்டுக்காரர்களிடம் மாதிரிக்குக் காட்டிக்கொள்கிறேன்.

---

கீழ்வீட்டுக்காரி

தாராளமாகக் காட்டுங்கள்.

கேட்காமலேயே சொல்கிறேன். பன்னிரண்டு நாளில் பதினாலு போன்தான் வந்தது. மழைப் பத்தியைப் படித்துவிட்டு வேண்டாம் என்று சொல்லவே இரண்டு பேர் கூப்பிட்டார்கள், அதில் ஒருவர் “சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க” என்றார். நேரில் வந்தது நாலு பேர். நாலாவதாக வந்தவர்கள் ஒரு கணவன் மனைவி, பள்ளிக்கூடம் போகிற பெண் குழந்தை, கூடவே அவருடைய அப்பா. அந்தப் பெரியவர் வீட்டுக்குள் போகவே இல்லை, முதலில் போர்டிகோவில் தூணுக்குப் பக்கத்தில் குனிந்து கோட்டின் மேல் கையை வைத்து அளந்தார். அப்புறம் தடுப்பை மாட்டிக் காட்டச் சொன்னார். நான் மாட்டியதும் இடுக்கில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். கொஞ்சம் கசிந்தது. “ரப்பர் தேஞ்சிருக்கும்மா, மாத்திக் குடுத்துடுங்க” என்றார். அவர்கள் இருந்த முடிச்சூர் வீட்டுக்கும் 2015-ல் தண்ணீர் வந்ததாம். ரப்பரை மாற்றிவிட்டேன். ஆனி கடைசி வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினார்கள்.

---

வேளச்சேரி வாடகைதாரர்

ரொம்பச் சந்தோஷம் மேடம். அந்தத் தடுப்பை எங்கே செய்தீர்கள், என்ன செலவானது என்று சொல்ல முடியுமா? இப்போது இருக்கும் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன், பாதிச் செலவு நானே போட்டாலும் பரவாயில்லை.

---

கீழ்வீட்டுக்காரி

கீழ்க்கட்டளையில் ஒரு வெல்டிங் பட்டறையில் செய்தோம். நிலையின் இரண்டு பக்கமும் அடியிலும் இரும்புச் சேனல், அதில் மேலிருந்து இறக்குகிற மாதிரி அலுமினியத் தகடு, மூன்று பக்கமும் ரப்பர் பீடிங். இரண்டு வாசலுக்கும் சேர்த்து 14,000 ஆனது. சேனலைப் பொருத்தும்போது சுவருக்கும் இரும்புக்கும் நடுவே இடைவெளி இல்லாமல் சிமென்ட் பூசச் சொல்லுங்கள், எங்களுக்கு முதலில் அங்கேதான் ஒழுகியது. ரப்பரை வருடா வருடம் புரட்டாசியில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.